உருளைக்கிழங்குக்குக் கண் எதற்கு?

முளைவிட ஆரம்பித்த உருளைக்கிழங்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தோலெங்கும் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு வெளிறிய முனை எட்டிப் பார்க்கும். குழியை ஒட்டிப் புருவம் மாதிரி வளைந்த ஒரு மெல்லிய கோடு இருக்கும். இப்போது ஒரு பென்சிலை எடுத்து, ஒரு குழியிலிருந்து பக்கத்துக் குழிக்கும் அதிலிருந்து அடுத்ததற்கும் கோடு இழுத்துக்கொண்டே போங்கள். கிழங்கைச் சுற்றி ஏறும் ஒரு சுருள் கிடைக்கும். ஒரு முனையில் குழிகள் நெருங்கிக் கிடக்கும். எதிர்முனையில் செடியோடு ஒட்டியிருந்த தழும்பு தெரியும்.

இந்த ஒழுங்கு தற்செயல் இல்லை. மண்ணுக்கு மேலே நிற்கும் உருளைச் செடியின் தண்டிலும் இலைகள் இதே மாதிரிதான் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. கிழங்கில் தெரியும் புருவக்கோடு, வளராமல் போன ஒரு செதில் இலை இருந்த இடம். அதன் மேலே உள்ள கண், அந்த இலைக்கு உரிய மொட்டு. ஆக, உருளைக்கிழங்கு என்பது மண்ணுக்குள் தடித்துப்போன தண்டு. அது வேர் இல்லை.

குழந்தைகளுக்குத் தாவரத்தின் பாகங்களைச் சொல்லிக்கொடுக்க நம்மிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே படம்தான். கீழே வேர், நடுவில் தண்டு, பக்கத்தில் இலை, உச்சியில் பூ, ஓரத்தில் ஒரு காய். படத்தில் தவறில்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்த குழந்தை, 'மண்ணுக்குள் இருப்பது வேர், பச்சையாகத் தட்டையாக இருப்பது இலை, நிறமாக இருப்பது பூ' என்று முடிவுகட்டிவிடுகிறது. வெளியே வந்து உண்மையான செடிகளைப் பார்த்தால் இந்த மூன்றும் பொய்த்துப்போகும். பாகங்களின் பெயரைவிட, பாகத்தை அடையாளம் காணும் வழியைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த வழி ஒரே ஒரு கேள்வியில் அடங்கும்: கணு எங்கே?

ஏதாவது ஒரு கிளையை எடுத்துப் பாருங்கள். செம்பருத்தியோ துளசியோ எதுவானாலும் சரி. இலை தண்டோடு சேரும் இடம்தான் கணு. மூங்கிலிலும் கரும்பிலும் இது வளையம் மாதிரி பளிச்சென்று தெரியும். மற்ற செடிகளில் லேசான புடைப்பாக இருக்கும். இலைக்காம்புக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு மூலை உண்டு அல்லவா, அங்கே விரல்நகத்தால் தடவினால் ஒரு சின்ன மொட்டு தட்டுப்படும். அது நாளைக்குக் கிளையாகலாம், பூவாகலாம், அப்படியே உறங்கியும் கிடக்கலாம். பூக்கும் தாவரங்களில் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன. தண்டில் கணு இருக்கும். கணுவில் இலை இருக்கும். இலையின் மூலையில் மொட்டு இருக்கும். வேரில் கணுவே கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட குழந்தைக்கு ஒரு சாவி கிடைத்த மாதிரி.

சாவியை முதலில் 'கிழங்கு' என்ற சொல்லில் போட்டுப் பார்க்கலாம். நம் மொழியில் கிழங்கு என்றால் மண்ணுக்குள் தடித்து, உணவைச் சேர்த்து வைத்திருக்கும் எதுவும் கிழங்குதான். அது தாவரத்தின் எந்த உறுப்பு என்பதைப் பற்றி அந்தச் சொல் கவலைப்படுவதில்லை. சர்க்கரைவள்ளியைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். புருவம் வைத்த கண்கள் இருக்காது, சுருளும் இருக்காது, ஆங்காங்கே மெல்லிய வேர் இழைகள் மட்டும் இருக்கும். அது வேர். மரவள்ளியும் வேர்தான். சேனையும் சேம்பும் தண்டு. இஞ்சியிலும் மஞ்சளிலும் குறுக்கே ஓடும் வளையங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை கணுக்கள், அதில் ஒட்டியிருக்கும் காய்ந்த தோல்தான் செதில் இலை. எனவே அவையும் தண்டு, படுத்தபடி வளரும் தண்டு. பனங்கிழங்கு இந்த வரிசையில் எதிலும் சேராது. பனங்கொட்டை முளைக்கும்போது மண்ணுக்குள் இறங்கும் இளம் நாற்று அது.

கேரட் நேராகக் கீழே இறங்கிய ஆணிவேர். அதன் தலையில், இலைகள் முளைக்கும் இடத்தில், ஒரு விரல்கடை உயரம்கூட இல்லாத தண்டு இருக்கிறது. அந்தத் தலைப்பகுதியை மட்டும் வெட்டித் தண்ணீர்த் தட்டில் வைத்தால் சில நாளில் பச்சை இலை துளிர்க்கும். ஆனால் புதிதாகக் கேரட் வராது. மொட்டு இருந்தது, இலை வந்தது. வெட்டிப்போன ஆணிவேரைத் திரும்ப உண்டாக்க அந்தத் துண்டால் முடியாது.

இலைக்கும் இதே சோதனை பொருந்தும். 'வேப்பிலை ஒன்று பறித்து வா' என்று சொன்னால், பெரும்பாலான குழந்தைகள் பல்பல்லான ஓரமுள்ள ஒரு சின்னத் துண்டைக் கிள்ளிக்கொண்டு வருவார்கள். அந்தத் துண்டின் அடியில் மொட்டு இருக்கிறதா? இல்லை. இருபுறமும் துண்டுகள் வரிசையாக நிற்கும் அந்த நடுக்காம்பின் அடியில்தான், அது கிளையோடு சேரும் மூலையில்தான், மொட்டு இருக்கிறது. அப்படியென்றால் முழு ஈர்க்கும் சேர்ந்ததுதான் ஓர் இலை. நாம் இலை என்று நினைத்தது சிற்றிலை. முருங்கையில் இது இன்னும் பெரிதாகிவிடும். நடுக்காம்பு கிளைவிட்டு, அதுவும் கிளைவிட்டு, நூற்றுக்கணக்கான சிற்றிலைகளோடு முழங்கை நீளத்துக்கு நிற்கும். குச்சி மாதிரி இருப்பதால் கிளை என்றே தோன்றும். அடியைத் தவிர வேறெங்கும் மொட்டு கிடையாது. ஆகவே அது ஒரே இலை. பழுத்தால் சிற்றிலைகள் உதிரும், பிறகு அந்தக் 'குச்சியும்' உதிர்ந்துவிடும். கிளை என்றால் மரத்திலேயே இருந்து தடித்திருக்கும்.

தென்னையில் ஒரு மட்டை முழுவதும் ஓர் இலை. பல மீட்டர் நீளமுள்ள இலை.

ஒரு முட்டைக்கோஸை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து பார்க்கக் குழந்தைகளை விடுங்கள், பக்கத்தில் பெரியவர் யாராவது இருந்தால் போதும். நடுவில் கூம்பு மாதிரி வெள்ளையாக ஏறுவது தண்டு. அதிலிருந்து கிளம்பி ஒன்றையொன்று பொத்திக்கொண்டிருப்பவை இலைகள். ஒவ்வோர் இலையும் தண்டைத் தொடும் மூலையில் பயறளவுக்கு ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன விதி முழுவதும் அந்த ஒரு வெட்டில் தெரிகிறது. முட்டைக்கோஸே விரியாமல் பெருத்துப்போன ஒரு மொட்டுதான். இதைவிட நல்ல பாடப்படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

வெங்காயமும் இதே கட்டமைப்புதான், தண்டு மட்டும் மிகவும் சுருங்கிவிட்டது. அடியில் வேர்கள் தொங்கும் அந்தத் தட்டையான வட்டுதான் தண்டு. அடுக்கடுக்காக இருக்கும் தசைப்பகுதி இலைகளின் அடிப்பாகம். பூண்டில் ஒவ்வொரு பல்லும் ஒரு மொட்டு. ஒரு பல்லை ஊன்றினால் ஒரு முழுச்செடி வருவது அதனால்தான்.

வாழை கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய செடி. 'வாழை மரம்' என்கிறோம், அதில் மரம் எங்கேயும் இல்லை. தூண் மாதிரி நிற்பதைக் குறுக்கே வெட்டினால், காற்றறைகள் நிறைந்த பிறைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவை இலைகளின் அடிமடல்கள். அதனால் அதைப் பொய்த்தண்டு என்கிறார்கள். உண்மையான தண்டு மண்ணுக்குள் பருத்த கட்டையாக இருக்கிறது. பக்கக்கன்றுகள் அந்தக் கட்டையின் மொட்டுகளிலிருந்து வருகின்றன. பூக்கும் காலம் வந்தால் அந்தத் தண்டின் நுனி, மடல்களுக்கு நடுவே புகுந்து மேலேறி, உச்சியில் பூவாக வெளியே வரும். மடல்களை உரித்தால் நடுவில் கிடைக்கும் வெள்ளை உருளை அதுதான். ஆகவே வாழைத்தண்டு என்ற பெயர் மிகச் சரி. வாழை மரம் என்ற பெயர்தான் சரியில்லை.

எது மரம் என்ற கேள்வியைத் தமிழில் மிகப் பழைய காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் உறுதியாக இருப்பதைப் 'புல்' என்றும் உட்புறம் உறுதியாக இருப்பதை 'மரம்' என்றும் பிரிக்கிறது. வெளியே கெட்டியாகவும் உள்ளே நார்ச்சோறாகவும் இருக்கும் பனையும் தென்னையும், உள்ளே கூடாக இருக்கும் மூங்கிலும் இந்தக் கணக்கில் புல்லாகிவிடும். இன்றைய தாவரவியலும் இவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் (விதைக்குள் ஒரே ஒரு விதையிலை உள்ளவை) என்ற பெரிய குழுவில்தான் வைக்கிறது. வேம்பு, மா, புளி ஆகியவை இரண்டு விதையிலை உள்ள இருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் தண்டு ஆண்டுதோறும் பக்கவாட்டில் பருத்து, உள்ளே வைரம் பாய்கிறது. பனையின் தண்டு அப்படிப் பருப்பதில்லை, அதில் ஆண்டு வளையமும் இல்லை. உயரத்தை வைத்துப் பிரிக்காமல் உறுதி எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பிரித்த அந்தக் கண்ணோட்டத்தைக் குழந்தைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும். மற்ற அடையாளங்கள் எளிது. ஒருவித்திலையில் பெரும்பாலும் இலை நரம்புகள் இணையாக ஓடும், வேர் சல்லியாக இருக்கும். இருவித்திலையில் நரம்புகள் வலை பின்னியிருக்கும், ஆணிவேர் இருக்கும்.

அப்புறம் முள். ரோஜா, எலுமிச்சை, சப்பாத்திக்கள்ளி மூன்றுக்கும் முள் உண்டு. மூன்றும் வேறு வேறு உறுப்புகள். ரோஜா முள்ளைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால் சட்டென்று பெயர்ந்துவிடும், ஒரு வழவழப்பான தழும்பு மட்டும் மிஞ்சும். கணுவில்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கில்லை. அது தண்டின் தோலிலிருந்து எழுந்த வளர்ச்சி. எலுமிச்சை முள் இலையின் மூலையில், மொட்டு இருக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. அப்படியானால் அது மாறிப்போன கிளை. தண்டின் கட்டையோடு சேர்ந்திருப்பதால் லேசில் பெயராது. சப்பாத்திக்கள்ளியில் பச்சையாகத் தட்டையாக இருப்பது இலை இல்லை, தண்டு. முட்கள் கொத்தாக நிற்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மொட்டின் இடம். புதிய தண்டும் பூவும் அந்தப் புள்ளிகளிலிருந்துதான் வருகின்றன. முட்கள்தான் இலைகள். தண்ணீர் வீணாகாமல் இருக்க இலை முள்ளாகச் சுருங்கிவிட்டது. இலையின் வேலையைத் தண்டு எடுத்துக்கொண்டது.

வேர் பற்றி ஒரு தவறான எண்ணத்தை இங்கே திருத்தியாக வேண்டும். 'வேர் மண்ணிலிருந்து உணவை உறிஞ்சுகிறது' என்று இன்றும் பலர் சொல்லித்தருகிறார்கள். வேர் உறிஞ்சுவது தண்ணீரையும் அதில் கரைந்த தாது உப்புகளையும். உணவு இலையில் தயாராகிறது. 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் இதைத் தராசில் வைத்தே பார்த்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ என்ற மரத்தின் கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வந்தது. மண்ணில் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 57 கிராம். அவர் இறந்த பிறகு 1648-இல் இந்தச் சோதனை அச்சானது. மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தது பாதிதான் சரி. மீதிப் பாதி காற்றிலிருந்து வந்தது. இலையின் நுண்துளைகள் வழியாக உள்ளே போகும் கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் சேர்த்து, வெயிலின் துணையோடு இலை சர்க்கரை செய்கிறது. ஒரு மரத்தைத் தொட்டால் நாம் தொடுவதில் பெரும்பகுதி காற்றாக இருந்தது என்று சொன்னால் குழந்தைகளின் கண் விரியும். விரிய வேண்டிய செய்திதான் அது.

அதற்காக வேரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1937-இல் டிட்மர் என்ற ஆய்வாளர், பெட்டி மண்ணில் நான்கு மாதம் வளர்ந்த ரை என்ற, கோதுமை போன்ற தானியப் பயிர் ஒன்றே ஒன்றின் வேர்களைக் கழுவி எடுத்து அளந்து கணக்கிட்டார். மொத்த நீளம் சுமார் 620 கிலோமீட்டர். அந்த வேர்களில் இருந்த, மயிரிழை போன்ற தூவிகள் ஏறத்தாழ 1,400 கோடி. தண்ணீரை உறிஞ்சும் வேலையில் பெரும்பங்கு இந்தத் தூவிகளுடையது. நாற்றைப் பிடுங்கி நடும்போது அது வாடுவதற்குக் காரணம், மண்ணோடு மண்ணாக இந்தத் தூவிகள் அறுந்துவிடுவதுதான்.

பூவுக்கு வருவோம். பாடத்துக்கு எல்லோரும் எடுப்பது செம்பருத்தி. புல்லி (அடியில் உள்ள பச்சை வட்டம்), அல்லி (நிற இதழ்கள்), மகரந்தத் தாள், சூலகம் (நடுவில் விதை உருவாகும் பகுதி) எல்லாம் பெரிதாகத் தெரியும் என்பதால் அது நல்ல தேர்வுதான். நான் கூடவே ஓர் அடுக்குச் செம்பருத்தியையும் எடுக்கச் சொல்வேன். அதன் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே உள்ளே போங்கள். வெளியே முழு இதழ்கள். உள்ளே போகப் போக இதழ்கள் சிறுத்துக் கோணலாகும். ஒன்றிரண்டில், சுருங்கிய இதழின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு மகரந்தப் பை ஒட்டியிருப்பதைக் காணலாம். பாதி இதழ், பாதி மகரந்தத் தாள். ஆம்பல் பூவில் இந்த மாற்றம் இயல்பாகவே படிப்படியாக நடக்கிறது; இதழ் எங்கே முடிந்தது, தாள் எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது.

பூவின் பாகங்கள் எல்லாமே மாறிய இலைகள் என்று ஜெர்மானியக் கவிஞர் கதே 1790-இல் எழுதினார். கவிஞரின் கற்பனை என்று அதை ஒதுக்கிவிட முடியவில்லை. 1991-இல் என்ரிக்கோ கோயன், எலியட் மேயரோவிட்ஸ் என்ற இருவர், மூன்று வகை மரபணுக்களின் கூட்டுதான் ஒரு பாகம் புல்லியா, அல்லியா, தாளா, சூலகமா என்று தீர்மானிக்கிறது என்று விளக்கினார்கள். அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் அந்த மூன்றும் வேலை செய்யாமல் போனால், பூ வர வேண்டிய இடத்தில் இலை போன்ற உறுப்புகள் வட்ட வட்டமாக வருகின்றன. நிறம் பூசிய இலையைப் பார்க்க ஆய்வுக்கூடமும் வேண்டாம். காகிதப்பூவில் நாம் பூ என்று நினைப்பது மூன்று நிற இலைகள். ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் ஒட்டிக்கொண்டு, குழல் மாதிரி மெல்லியதாக, வாய் வெளுத்து நிற்பதுதான் பூ.

பூ இருந்தும் கண்ணில் படாத செடி அத்தி. அரிதாக வருபவரைப் பார்த்து 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். உண்மையில் அத்தி நிறையவே பூக்கிறது. அத்திக்காய் என்று நாம் சொல்லும் உருண்டையின் உட்சுவர் முழுவதும் நுண்ணிய பூக்கள். நுனியில் உள்ள சிறு துளை வழியாகக் குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. பிளந்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும்.

கனியையும் விதையையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க எளிய வழி ஒன்று உண்டு. தழும்பை எண்ணுங்கள். கனி பூவின் சூற்பையிலிருந்து, அதாவது சூலகத்தின் பருத்த அடிப்பகுதியிலிருந்து வருவது. அதனால் ஒரு பக்கம் காம்பின் தழும்பு இருக்கும், எதிர்ப்பக்கம், சூற்பைக்கு மேலே நீண்டிருந்த சூல்தண்டு காய்ந்த தடம் இருக்கும். விதைக்கு ஒரே தழும்புதான், அது கனிக்குள் ஒட்டியிருந்த இடம். வெண்டை, கத்தரி, வெள்ளரி, மிளகாய், தக்காளி எல்லாம் இந்தக் கணக்கில் கனிகள். மக்காச்சோளத்தின் ஒவ்வொரு மணியும் ஒரு கனி. கதிரின் உச்சியில் பட்டுநூல் மாதிரி தொங்குகிறதே, அந்த இழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரிய சூல்தண்டு. இழைக்கு மகரந்தம் வந்து சேராவிட்டால் அந்த இடத்தில் மணி பிடிக்காது. கதிரில் அங்கங்கே பொக்காக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேர்க்கடலையைப் பெயரை நம்பி வேர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பூப்பது தெரியும், காய்ப்பது தெரியாது என்று விடுகதை போடுவார்களே, அதற்கு விடை இந்தச் செடிதான். மஞ்சள் பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கிறது. கருவுற்றதும் பூவின் அடிப்பகுதி ஒரு விழுதாக நீண்டு, கீழ்நோக்கி வளைந்து மண்ணைத் துளைக்கிறது. விழுதின் நுனியில் சூற்பை இருக்கிறது. மண்ணுக்குள் போன பிறகே அது படுத்துப் பருத்துக் காயாகிறது. ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். காய்கள் தொங்குவது தண்டின் கணுக்களிலிருந்து இறங்கிய விழுதுகளில். வேரில் இருப்பவை கடுகளவு முடிச்சுகள். அவை காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியா குடியிருக்கும் இடம். தோலை உடைத்து, பருப்பை இரண்டாகப் பிரித்தால் ஓர் ஓரத்தில் மூக்கு மாதிரி ஒன்று இருக்கும். கூர்ந்து பார்த்தால் அதன் ஒரு நுனி முளைவேர். மறுநுனியில் மடித்து வைத்த குட்டி இலைகள். பிரிந்த இரண்டு பருப்பும் வித்திலைகள். செடி முழுவதும் அங்கே தயாராக இருக்கிறது.

கணு விதிக்கும் மீறல்கள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. சர்க்கரைவள்ளியைத் தண்ணீரில் நிறுத்தினால் அதுவும் துளிர்க்கும். வேர்களில் சில, மொட்டே இல்லாத இடத்தில் புதிதாக மொட்டை உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அந்தத் துளிர்கள் சுருள் வரிசையில் வராது, பெரும்பாலும் தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த முனைப் பக்கம் கூட்டமாகக் கிளம்பும். ஓர் உருளையையும் ஒரு சர்க்கரைவள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு மூன்று வாரம் பார்த்தால், குழந்தை அந்த வேறுபாட்டைத் தானே சொல்லிவிடும்.

அதையும் தாண்டி ஒரு செடி இருக்கிறது. தேங்கிய நீரில் பச்சைத் தூள் தூவியது மாதிரி மிதக்கும் வுல்ஃபியா. ஒன்று ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பூக்கும் தாவரங்களிலேயே மிகச் சிறியது அது. வேர் கிடையாது. தண்டு இது, இலை இது என்று பிரிக்க முடியாத ஒரு பச்சை உருண்டை. ஒரு முனையில் உள்ள பையிலிருந்து அடுத்த உருண்டை பிதுங்கிக்கொண்டு வரும். எப்போதாவது மேற்புறத்தில் ஒரு சிறு குழி திறக்கும். உள்ளே ஒரு மகரந்தத் தாள், ஒரு சூலகம். விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்தால் பல செடிகள் ஒட்டிக்கொண்டு வரும். கணு எங்கே என்று அவற்றிடம் கேட்டுப் பாருங்கள்.